ஜோகன்னஸ்பர்க் ஓடைக்கரையில் நடக்க: புதிதாக வந்தவர்களுக்கு

ஜோகன்னஸ்பர்கில் வேலைக்கு வந்து இறங்கும் நம்மவர்கள் பலர் முதல் ஆறு மாதம் மண்ணில் கால் வைப்பதே இல்லை. வீட்டுக் கேட்டைத் தாண்டினால் கார், கார் நின்றால் அலுவலகம், சனிக்கிழமை மால், ஞாயிற்றுக்கிழமை கோயில். "இங்கே யாரும் நடக்கக் கூடாதாமே" என்று ஊருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது பிராம்ஃபொன்டேன் ஓடைக்கரையில் இருப்பேன். இந்த ஊர் எனக்குச் சொந்த ஊர் போல ஆனது அந்தக் கரையில்தான்.

நகரத்தின் நடுவில் பிறந்து, வடக்கே புறநகர்களின் ஊடாக, பூங்கா பூங்காவாகத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது இந்த ஓடை. கரையோடு போகும் பாதை சுமார் 25 கிலோமீட்டர். சிற்றோடைக்கு ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஒரு சொல் உண்டு. எழுத்தைப் பார்த்தால் நாம் 'ஸ்ப்ரூட்' என்போம், ஊரார் வாயில் அது 'ஸ்ப்ரேட்'. யாரிடமாவது வழி கேட்கும்போது அப்படிச் சொல்லுங்கள், உடனே புரியும்.

நான் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரன், காவிரி பார்த்து வளர்ந்தவன். என்னைப் போன்றவர்களுக்கு இதை ஆறு என்று சொல்ல முதலில் மனம் வராது. பல இடங்களில் நம்மூர் வாய்க்கால் அகலம்தான். ஆனால் இது போய்ச் சேரும் இடத்தைக் கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க் ஒரு மலைமுகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். முகட்டுக்குத் தெற்கே விழும் மழை வால் ஆற்றில் சேர்ந்து, ஆரஞ்சு ஆறாக மேற்கே போய் அட்லாண்டிக்கில் கலக்கிறது. வடக்கே விழும் மழை இந்த ஓடை வழியாக யூக்ஸ்கே ஆற்றுக்குப் போய், அங்கிருந்து குரோக்கடைல் ஆறு, அப்புறம் லிம்போபோ, கடைசியில் மொசாம்பிக் கரையில் இந்தியப் பெருங்கடல். நம்ம பக்கத்துக் கடல்தான். இதைத் தெரிந்துகொண்ட நாளில் பாலத்தின் மேல் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

முதலில் வள்ளியம்மையைப் பார்த்துவிட்டு

நடை தொடங்கும் முன் ஒரு காலைப்பொழுதை பிராம்ஃபொன்டேன் கல்லறைத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். ஓடை பிறக்கும் பகுதியும் அதுதான். அங்கே நடை வேண்டாம்: ஓடை கட்டடங்களுக்கு இடையில் கால்வாயாக ஒடுங்கிக் கிடக்கிறது, கரையில் பாதை தொடர்ச்சியாக இல்லை, சுற்றுப்புறமும் புதியவர்களுக்கு ஏற்றதில்லை. நாலைந்து பேராகக் காரில் போய், பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவர் பெயரைப் படித்தோம், எந்த ஊரில் பிறந்தார், எந்த ஊரில் இறந்தார் என்று கவனித்திருக்க மாட்டோம். பிறந்தது ஜோகன்னஸ்பர்க், 1898 பிப்ரவரி 22. காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் எல்லை தாண்டிப் பக்கத்து மாகாணமான நேட்டாலுக்குள் போய் சிறைப்பட்டார். காய்ச்சலோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று, தன் பதினாறாவது பிறந்தநாளில் இறந்தார். தில்லையாடி குடும்பத்தின் பூர்வீக ஊர். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி பஸ்ஸில் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் பலமுறை போயிருக்கிறேன். இங்கே வந்துதான் அவரைப் பார்த்தேன்.

1909 ஜூலையில், சிறையிலிருந்து வந்த சில நாளில் நிமோனியாவில் இறந்த இளைஞர் நாகப்பனுக்கும் அதே தோட்டத்தில் நினைவுக்கல் இருக்கிறது. காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும் முன், 1914 ஜூலையில் இருவருடைய கல்லையும் திறந்துவைத்தார். இந்த நாட்டின் தேசிய கீதத்தில் முதல் பகுதியாக இருக்கும் பாடலை இயற்றிய ஈனோக் சொன்டொங்காவும் இங்கேதான் அடக்கமானவர். அவருடைய நினைவிடம் 1996இல் எழுந்தது. கொஞ்சம் பூ எடுத்துப் போங்கள்.

எப்போது போவது

மாதங்களைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஆடியில் உறைபனி, மார்கழியில் இடி மழை. நடைக்கு மிகச் சிறந்த காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், மழை கிட்டத்தட்ட இல்லை, ஓடையில் நீர் குறைவு, தாண்டுகற்கள் காய்ந்திருக்கும். ஆனால் ஜூன், ஜூலையில் சூரியன் எழவே ஏழு மணி ஆகிறது, புல்லில் வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். எட்டரைக்குக் கிளம்பினால் போதும். ஒரே தடித்த கோட்டாகப் போடாமல் மெல்லிய துணிகளை இரண்டு மூன்று அடுக்காகப் போடுங்கள். பத்து மணிக்குமேல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும்.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை கோடை. அக்டோபரில் ஜக்கரண்டா பூத்து ஊரே ஊதாவாக இருக்கும், அந்த அழகுக்காகவே போகலாம். விடியலில் கிளம்பி பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். கோடைப் பிற்பகல்களில் இங்கே மேகம் திரள்வதைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு மணிக்கு வெள்ளைப் பஞ்சு, மூன்று மணிக்குக் கருங்கல், அப்புறம் ஆலங்கட்டி. மின்னல் மிகக் கடுமையாக விழும் பூமி இது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் நீங்கள் வெளியே இருக்கக் கூடாது. கட்டடம், அல்லது மூடிய கார். மரத்தடி வேண்டவே வேண்டாம்.

மழையைவிட எனக்குப் பயம் ஓடைதான். ஊர் முழுக்கத் தாரும் சிமென்ட்டும். பெய்யும் தண்ணீர் தரையில் இறங்காமல் நேரே ஓடைக்கு வருகிறது. உங்கள் தலைக்குமேல் வெயில் அடிக்கும்போதே, ஓடையின் மேல்பக்கம் பெய்த மழை இங்கே வந்துவிடும். மூன்றாவது வருடம், ஒரு டிசம்பர் மாதம், கிரேக்ஹால் பக்கம் தாண்டுகற்களில் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். திரும்பிப் பார்த்தால் கல்லைக் காணோம், பழுப்பு நிறத்தில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு இரைந்துகொண்டு போகிறது. கடக்க முயலவில்லை. அந்தக் கரையிலேயே நடந்து அடுத்த பாலத்தைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: தண்ணீர் நிறம் மாறினாலே கரை ஏறிவிடுங்கள், கல்லை நம்பாதீர்கள், பாலத்துக்கு நடங்கள்.

யாரோடு போவது

தனியாகப் போகாதீர்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது. இந்த ஓடைக்கரையில் வழிப்பறி நடந்திருக்கிறது, குறிப்பாக ஆள் நடமாட்டம் இல்லாத வார நாட்களிலும் மாலை இருட்டும் நேரத்திலும். நாலு பேருக்குக் குறையாத கூட்டம், சனி அல்லது ஞாயிறு காலை. அந்த நேரத்தில் கரை முழுக்க ஆள் இருக்கும்: மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள், நாயோடு வருபவர்கள், குழந்தை வண்டி தள்ளும் அம்மாக்கள். சைக்கிள் மணி கேட்டால் இடது பக்கம் ஒதுங்கி வழி விடுங்கள்.

தங்கம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் இல்லாதவர்கள் கழுத்து மூடிய சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம். போனைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்காமல், படம் எடுக்க வேண்டிய இடத்தில் நின்று எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துவிட்டால் அடிக்கடி வெளியே எடுக்கும் தேவையும் இல்லை. போலீஸ் எண் 10111. மொபைலிலிருந்து 112 அழைத்தால் எந்த அவசரத்துக்கும் உதவும். எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறீர்கள், எத்தனை மணிக்கு, என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கரையோரப் புதர்களில் வீடில்லாதவர்கள் தங்கியிருப்பார்கள். குப்பையிலிருந்து பிளாஸ்டிக், அட்டை பொறுக்கி, உயரமான மூட்டையோடு வண்டி இழுத்துப் போகிறவர்களும் வருவார்கள். அவர்களைக் கண்டதும் நம்மவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நூறு வருடத்துக்கு முன் இந்த ஊரில் நம் ஆட்கள் துணி துவைத்தும் காய்கறி கூவி விற்றும் பிழைத்தவர்கள். எதிரே வருபவரைப் பார்த்து "சாவுபோனா" என்று சொல்லுங்கள், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால் "சனிபோனானி". ஜூலு வணக்கம். "உன்னைப் பார்க்கிறோம்" என்பது அதன் பொருள். இந்த நாட்டில் வணக்கம் சொல்லாமல் கடந்து போவதுதான் மரியாதைக் குறைவு. அவர்கள் தங்கும் இடத்துக்குள் போகாதீர்கள், படம் எடுக்காதீர்கள்.

என்ன எடுத்துப் போவது

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வந்த புதிதில் மாடி ஏறினாலே மூச்சு வாங்கியிருக்கும், குக்கர் இல்லாமல் வைத்தால் பருப்பு வேக நேரம் எடுத்திருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வந்து மூன்று வாரம் ஆகும்வரை நீண்ட நடை வேண்டாம். காற்று உலர்ந்திருப்பதால் வியர்ப்பதே தெரியாது, தாகமும் எடுக்காது, திடீரென்று தலைவலிதான் வரும். மணிக்கு ஒருமுறை குடித்துக்கொண்டே இருங்கள். வெயில் குளிர்காலத்திலும் தோலைச் சுடும், தொப்பி கட்டாயம். நம் நிறத்துக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று கேட்டவன் நான். மூக்கு தோல் உரிந்த பிறகு கேட்பதில்லை.

அடிப்பிடிப்புள்ள காலணி, முழுக்கால் சட்டை. புல்லில் உண்ணி இருக்கும், அதன் கடியால் வரும் காய்ச்சல் இங்கே எல்லோருக்கும் தெரிந்த நோய். கறுப்பு ஊசி மாதிரி விதைகள் துணியெங்கும் ஒட்டிக்கொள்ளும், அதை இங்கே பிளாக்ஜாக் என்பார்கள்.

ஓடைத் தண்ணீரைத் தொடாதீர்கள். பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் வழியெங்கும் கழிவுநீர்க் குழாய்கள் கசிந்து இதில் கலக்கின்றன. குழந்தைகள் காலை நனைக்க ஆசைப்படுவார்கள், கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். காலில் காயம் இருப்பவர்கள் தாண்டுகற்களில் போகாமல் பாலத்தில் போகட்டும்.

சாப்பாட்டுக்கு நான் புளியோதரை கட்டிப் போவேன். ஒருமுறை லெனேஷியாவிலிருந்து ஒரு குடும்பம் எங்களோடு வந்தது. நாலாவது தலைமுறை. வீட்டில் பேச்சு எல்லாம் ஆங்கிலம்தான். கூட வந்த பாட்டியை எல்லோரும் ஆயா என்று கூப்பிட்டார்கள். எழுபது வயது தாண்டியவர், எங்களுக்கு முன்னால் நடந்தார். நான் பொட்டலத்தைப் பிரித்ததும், "பட்கோஸா, கண்ணு?" என்று கேட்டார். வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டுக்கு ஆஃப்ரிகான்ஸ் சொல் அது. எங்கள் ஊரில் கட்டுச்சோறு என்போம் ஆயா என்றேன். "கட்டுச்சோறு, கட்டுச்சோறு" என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "எங்கம்மா சொல்லும். மறந்துபோச்சு" என்றார். அன்றைக்கு மீதி நடை முழுவதும் ஒவ்வொன்றாகக் காட்டித் தமிழில் என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களையும் நடைக்குக் கூப்பிடுங்கள். நம் அலுவலகக் கூட்டத்தோடு மட்டும் போனால் பாதி ஊரைத்தான் பார்ப்பீர்கள்.

எந்த வரிசையில் நடப்பது

ஒரே நாளில் 25 கிலோமீட்டரையும் முடிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். நாலு துண்டாகப் பிரித்து, தெற்கிலிருந்து வடக்காக, தண்ணீர் போகும் திசையிலேயே போங்கள்.

முதல் நாள் எமரென்ஷியா. ஜோகன்னஸ்பர்க் தாவரவியல் பூங்காவும் அதை ஒட்டிய ஏரியும். நம் ஓடையில் சேரும் ஒரு கிளை இந்த ஏரி வழியாக வருகிறது. ஆங்கிலேயருக்கும் டச்சு வம்சாவளிப் போயர்களுக்கும் நடந்த போயர் போர் முடிந்து நிலம் இழந்து நின்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக லவ் ஹெல்டன்ஹேஸ் என்ற நில உரிமையாளர் கட்டிய அணை இது, 1912இல் முடிந்தது. எமரென்ஷியா அவர் மனைவியின் பெயர். நம்மூர்ப் பஞ்சகாலத்து ஏரி வேலைகள்தான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தன. அனுமதி இலவசம், ரோஜாத் தோட்டம் மிக நன்றாக இருக்கும். ஏரியைச் சுற்றிப் பூங்காவின் மேல்கோடி வரை போய் வர ஒன்றரை மணி நேரம். இந்த நடை உங்கள் காலணியையும் மூச்சையும் சோதித்துப் பார்க்கத்தான். பக்கத்தில் தெரியும் பாறைக் குன்று மெல்வில் கொப்பீஸ். ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அந்த உலையை 1963இல் தோண்டி எடுத்தார்கள்.

இரண்டாவது நாள் டெல்டா பூங்கா. எமரென்ஷியாவிலிருந்து தெருக்கள் வழியாகவும் இங்கே வரலாம், ஆனால் அதில் சுவை இல்லை, காரில் வந்து இறங்குங்கள். எனக்கு இந்தப் பாதையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். ஒரு காலத்தில் இது நகரத்தின் சாக்கடை சுத்திகரிப்பு நிலையம். 1930களில் கட்டிய வெள்ளைக் கட்டடம் இன்னும் மேட்டில் நிற்கிறது. நிலையத்தை மூடிய பிறகு அந்த நிலத்தைக் கட்டடம் கட்ட விற்காமல் புல்வெளியாக விட்டார்கள். இன்று நூறு ஹெக்டேருக்கும் மேல். பறவைகளுக்கென்று ஒதுக்கிய குட்டைகளும், ஒளிந்திருந்து பார்க்க மரக் குடில்களும் உள்ளன. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இங்கே பார்க்ரன் நடக்கும்: ஐந்து கிலோமீட்டர், இலவசம், ஓடவும் செய்யலாம், நடக்கவும் செய்யலாம். கூட்டத்துக்கு ஆள் கிடைக்காத புதியவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். எனக்கு நடைத் துணை கிடைத்ததும் அங்கேதான்.

பூங்காவின் கிழக்கு ஓரத்தில் ஓடையைப் பிடித்து, வடக்கே கான்ராட் டிரைவ் பாலம் வரை போய்த் திரும்புங்கள். நவம்பரில் போனால் தண்ணீருக்கு மேல் தொங்கும் கிளைகளில் மஞ்சள் குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருக்கும். நம் தூக்கணாங்குருவியின் உறவு. ஆண் குருவி கட்டிய கூடு பெட்டைக்குப் பிடிக்கவில்லையென்றால் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடியும் கட்ட வேண்டியதுதான். கரை எங்கும் கிடக்கும் அரைகுறைக் கூடுகளைப் பார்த்தாலே தெரியும். அதிகாலையில் வீட்டுக் கூரைமேல் கத்தி உங்களை எழுப்பும் ஹடீடா அரிவாள்மூக்கனும் இங்கே புல்லில் மண்புழு தேடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது நாள் கொஞ்சம் நீளம். டெல்டாவிலிருந்து கிரேக்ஹால் வழியாக பார்க்மோரில் உள்ள ஃபீல்ட் அண்ட் ஸ்டடி பூங்கா வரை. சாப்பாட்டோடு சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் பெரிய வீடுகளின் மதில், மின்வேலி. நடுவில் வில்லோ மரங்களும் தைல மரங்களும் நாணலுமாக இந்தப் பச்சைக் கீற்று. ஜான் ஸ்மட்ஸ் அவென்யூ, வின்னி மண்டேலா டிரைவ் போன்ற பெரிய சாலைகள் குறுக்கிடும் (பழைய வரைபடத்தில் இரண்டாவது சாலை வில்லியம் நிக்கல் டிரைவ் என்றிருக்கும்). பாலத்துக்கு அடியில் பாதை போனாலும், அது இருட்டாக, ஆளில்லாமல் இருந்தால் மேலே ஏறி சிக்னலில் கடந்து அந்தப் பக்கம் இறங்குங்கள். ஐந்து நிமிஷம்தான் கூடும்.

ஒரு காரை முடிவிடத்தில் முதலிலேயே நிறுத்திவிட்டு, இன்னொரு காரில் எல்லோரும் தொடக்கத்துக்கு வருவது நல்லது. இல்லையென்றால் உபர் அல்லது போல்ட். வண்டியை ஓடைக்கரைக்குக் கூப்பிடாமல், பூங்கா வாசலில் ஆள் இருக்கும் இடத்துக்குக் கூப்பிடுங்கள். காரில் பையோ லேப்டாப்போ எதுவும் வெளியே தெரிய வைக்காதீர்கள். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட கார்காவலர் நிற்பார், திரும்பி வந்ததும் பத்து ரேண்ட் கொடுங்கள்.

நாலாவது துண்டு பார்க்மோரிலிருந்து பிரையன்ஸ்டன் வழியாகக் கீழே. ஓடை அகலமாகி உண்மையிலேயே ஆறு மாதிரி தெரியத் தொடங்குவது இங்கேதான். ஆனால் ஆள் நடமாட்டம் குறைந்துகொண்டே போகும். பிரையன்ஸ்டன் வரை பத்துப் பேர் கூட்டமாக நடக்கலாம். அதற்கும் அப்பால், லீயுகாப் சிறைப் பக்கம் யூக்ஸ்கேயோடு சேரும் இடம் வரை போக ஆசை வந்தால், பாதை தெரிந்த நடைக் குழு அல்லது சைக்கிள் குழு ஏற்பாடு செய்யும் நாளில் மட்டும் சேர்ந்துகொள்ளுங்கள். நானே இரண்டு முறைதான் போயிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் காலணியை வாசலிலேயே கழற்றி, அடியில் ஒட்டிய சேற்றை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். அடுத்த பத்து நாளில் காய்ச்சலோ, கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கோ வந்தால் மருத்துவரிடம் ஓடைக்கரையில் நடந்ததைச் சொல்லுங்கள். அப்புறம் போனில் வரைபடத்தைத் திறந்து, இன்று நடையை முடித்த இடத்தில் ஒரு குறி வைத்துவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை அங்கிருந்து.